இரண்டு கோட்டு வாத்தியார்

இருபத்திரண்டு வருடமாக அவர் லென்ஸ் பாடம் நடத்துகிறார், லென்ஸைத்தான் தொட்டதில்லை. கரும்பலகையில் ஓர் அச்சு, நடுவில் குவிலென்ஸ், இடப்பக்கம் ஓர் அம்பு. அம்பின் தலையிலிருந்து ஒரு கோடு அச்சுக்கு இணையாகப் போய், லென்ஸில் வளைந்து, குவியம் வழியே இறங்கும். இன்னொன்று லென்ஸின் நடுப்புள்ளி வழியே நேராக ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தலைகீழ்ப் பிம்பம். "ரெண்டு கோடு, முழு மார்க்கு!" என்று சாக்குத்தூளை ஊதிவிடுவார். மாணவர்கள் வைத்த பெயர் இரண்டு கோட்டு வாத்தியார். அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

இயற்பியல் துறைத் தலைவர் நாற்காலி காலியானது. வகுப்பைப் பார்த்து முடிவுசெய்ய மேலதிகாரி வருகிறார் என்றதும், வாத்தியாரின் மனைவி புதுப் பெயர்ப்பலகைக்கே சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் முன்னாடி இன்னும் எத்தன நாளைக்குங்க வெறும் வாத்தியாரா உக்காந்திருப்பீங்க?"

மச்சான் வங்கி மேலாளர். வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்கு நேர்கீழ் இடம் அவருக்குத்தான்.

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கோடுகள் மயிரிழை பிசகாமல் விழுந்தன. முதல் வரிசைப் பெண் எழுந்தாள்.

"சார், லென்ஸோட மேல்பாதிய மறைச்சா?"

"மேல்கோடு முட்டி நின்னுடும். மிச்சம் ஒத்தக்கோடு. ஒரு கை தட்டுனா ஓசை வருமா? பிம்பமே கிடையாது."

அதிகாரி தலையாட்டினார்.

அலங்காரத்துக்காக மேசையில் லென்ஸ், திரை, மெழுகுவத்தி எல்லாம் அடுக்கியிருந்தார் ஆய்வக உதவியாளர். பதினைந்து வருடமாக அந்த லென்ஸைத் துடைப்பவர், பள்ளிக்கே அக்கா.

"வச்சே பாத்துடலாமே, சார்" என்று சன்னலைச் சாத்தி, மெழுகுவத்தியைக் கொளுத்தி, வருகைப் பதிவேட்டால் லென்ஸின் மேல்பாதியை மறைத்தார். திரையில் சுடர் தலைகீழாக, முழுசாக நின்றது. கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

"கீழ்ப்பாதி வழியாவும் வெளிச்சம் போகுதில்ல சார். உங்களுக்குத்தான் ரெண்டு கோடு, மெழுகுவத்திக்குக் கணக்கே இல்ல."

வாத்தியாரின் கண்முன் மின்விசிறியும் மச்சானும் சுழன்றார்கள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் இரண்டு கோட்டில் தேறி வந்தவர்.

"மெழுகுவத்தி சரியில்லம்மா. வேற வாங்குங்க."

"ஆமாங்கய்யா, மட்டமான மெழுகு" என்றார் வாத்தியார், சுடர் அசைவதற்குள்.

அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "சரிங்க சார். அடுத்த தடவ ரெண்டு கோடு மட்டும் விடற மெழுகுவத்தியாப் பாத்து வாங்கறேன்."

வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. மச்சான் நகர்ந்து உட்கார்ந்து, மின்விசிறியில் பாதியை விட்டுக்கொடுத்தார்.

ஒரு மாலை, பள்ளி கலைந்தபின், துறைத் தலைவர் ஆய்வகத்தில் தனியாக மெழுகுவத்தி கொளுத்தினார். புதியது, உயர்ந்த ரகம். உள்ளங்கையால் லென்ஸின் மேல்பாதியை மூடினார். சுடர் முழுசாக நின்றது. கீழ்ப்பாதியை மூடினார். அப்போதும் பிடிவாதமாக முழுசு. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஊதி அணைத்தார்.

மறுநாள் கரும்பலகையில் அதே இரண்டு கோடுகள். முதல் வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

"பாடத்துல இல்லாததக் கேக்காதம்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.