அதிபரின் கட்டுப்பல்லும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரும்

ஒரு காலத்தில் எனக்கு ஊரார் வீட்டுச் சாமான்களின் ஓரத்தைக் கொளுத்தி மணந்து பார்க்கும் பழக்கம் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சவர்க்காரப் பெட்டியின் மூடி, சட்டைப் பொத்தான், அறுந்த செருப்பின் வார் என்று எது கையில் அகப்பட்டாலும் நெருப்புக்குச்சியைக் கிழித்து அதன் விளிம்பில் பிடிப்பேன். பிறகு ஊதி அணைத்துவிட்டு, புகையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வேன். மெழுகுதிரி மணந்தால் பொலித்தீன். மயிர் கருகின மணம் என்றால் நைலோன். கறுப்புப் புகை சுருள் சுருளாகக் கிளம்பினால் பொலிஸ்ரைரீன். இன்றைக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தால் அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் இலக்கமும் இருக்கின்றன. பிளாஸ்டிக் தன் குலம் கோத்திரத்தைத் தானே சொல்லிவிடுகிறது. அந்த நாளில் அதைக் கொஞ்சம் வதைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் வரைக்கும் நான் கொழும்பில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இரசாயனத்தில் சிறப்புப் பட்டம் பெற்ற நான் அங்கே செய்தது வாளி. அரிசி மணி போன்ற குறுணிகளை இயந்திரத்தின் வாயில் கொட்டினால் அவை உள்ளே சூடேறிக் கூழாகி, அச்சுக்குள் பாய்ந்து, குளிர்ந்து, வாளியாக வெளியே விழும். பிழையாக விழுந்த வாளியை நொறுக்கித் திரும்பவும் வாய்க்குள் போடலாம். மனிதர்களைச் செய்த இடத்தில் இந்த ஏற்பாடு ஏன் இல்லை என்று அந்த ஜூலைக்குப் பிறகு யோசித்திருக்கிறேன். தொழிற்சாலை எரிந்தது. அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது என்னிடம் மாற்றுச் சட்டைகூட இல்லை. பிளாஸ்டிக் மாதிரித் துண்டுகள் நிறைந்த ஒரு பிஸ்கற் தகரம் மட்டும் இருந்தது. உயிர் தப்பி ஓடுகிறவன் எதை எடுப்பான் என்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வேறு எவரும் போக விரும்பாத நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும் என்றார்கள். போனேன். குறிகட்டுவானிலிருந்து வள்ளத்தில் போய் இறங்கியபோது கடலுக்கு மேலே தலைகாட்டவே கூச்சப்படுகிற ஒரு தட்டையான நிலம் தெரிந்தது. வீட்டுக்கு வீடு சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள். அந்தக் கற்களும் சிறிய உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி வளர்ந்தவைதான் என்பதால், பல்பகுதியங்களைப் படிப்பிக்க நல்ல இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியானால் அது பல்பகுதியம். எதிலீன் என்ற வாயு அப்படிக் கைகோத்தால் பொலித்தீன். இரண்டு விதமான சரக்குகள் மாறி மாறிக் கோத்துக்கொண்டால் நைலோன். பிறகு பெரிய பிரிவு ஒன்று உண்டு: சூட்டில் இளகுகிற இனம், சூட்டில் இறுகுகிற இனம். முதலாவதை எத்தனை தரமும் உருக்கி வார்க்கலாம். இரண்டாவதில் சங்கிலிகள் குறுக்காலும் பிணைந்துவிடுவதால் ஒருமுறை இறுகினால் இறுகினதுதான். மேலும் சூடாக்கினால் கருகுமே தவிர இளகாது. வாளியும் சீப்பும் முதல் இனம். வானொலிப்பெட்டியின் கறுப்புக் கூடும் மெலமைன் தட்டும் இரண்டாவது. இதை விளக்கத்தான் நெருப்புப்பெட்டியோடு ஊரைச் சுற்றினேன். ஒருநாள் கரையில் காயப்போட்டிருந்த வலைக்குப் பக்கத்தில் நான் நிற்பதைக் கண்ட, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஓடிவந்து, "மாஸ்டர், உது நைலோன்தான். நான் சொல்லுறன், நம்புங்கோ. கொளுத்திப் பாக்கத் தேவையில்லை" என்றார்.

பள்ளிக்கூட அதிபர் வீட்டில் அவருடைய மனைவி நான் வருவதைக் கண்டால் மெலமைன் தட்டுகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அதிபர் மட்டும் என்னைக் கண்டு பயந்ததில்லை. நெடுந்தீவிலேயே பிறந்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே அதிபரானவர். வெண்கலக் குரல். மேடையில் ஏறினால் இறங்கத் தெரியாது. விளையாட்டுப் போட்டியில் அவர் பேசி முடிக்கும்போது ஓட வேண்டிய பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருவார்: நெடுந்தீவுக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டும். சாதாரண தரம் முடித்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போக விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் தங்கித்தான் படிக்க வேண்டும். பையன்களில் சிலர் போனார்கள். பெண் பிள்ளைகளை எவரும் அனுப்புவதில்லை. அவர்கள் சித்தியடைந்த சான்றிதழை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்.

கல்விப் பணிப்பாளர் பரிசளிப்பு விழாவுக்கு வருவதாகச் செய்தி வந்தபோது அதிபர் ஒரு மாதமாகப் பேச்சைத் தயாரித்தார். பாடசாலை முடிந்ததும் வெறும் மண்டபத்தில் கதிரைகளுக்குப் பேசிப் பார்ப்பார். ஒருநாள் என்னிடம், "மாஸ்டர், இந்த முறை தராட்டில் நான் இளைப்பாறினாப் பிறகு ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றார். அவருக்கு அதுதான் கடைசி வருடம்.

விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் அவர் ஒரு கைக்குட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார். வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டையை மேசையில் விரித்தார். அவருடைய மேல்வரிசைக் கட்டுப்பல் இரண்டு துண்டாகக் கிடந்தது. கிணற்றடியில் கழுவும்போது கைதவறிக் கல்லில் விழுந்ததாம். தீவில் பல் வைத்தியர் இல்லை. சோழகக் காற்று மும்முரமாக இருந்த காலம். அன்றைய வள்ளம் காலையிலேயே போய்விட்டது. அடுத்தது பணிப்பாளரோடு மறுநாள்தான் வரும்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்ப வேண்டும். வாளி செய்தவனுக்கு முதல்தரமாக ஒரு மனிதனின் வாய் கிடைத்திருந்தது. விளிம்பில் ஊசிமுனையளவு சுரண்டி எடுத்துக் கொளுத்தினேன். பழ மணம். கண்ணாடி மாதிரியான பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் இருக்கிறதே, அதன் சொந்தக்காரன்தான். பல் கட்டுகிறவர்கள் ஒரு தூளையும் ஒரு திரவத்தையும் மாவு மாதிரிப் பிசைந்து, அச்சில் அமுக்கிப் பதமாகச் சூடாக்குவார்கள். மூலக்கூறுகள் கைகோத்து, மாவு பல்லைப் பிடிக்கும் முரசாகிவிடும். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். அவர் உடைந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பிஸ்கற் தகரத்தில் பேர்ஸ்பெக்ஸ் துண்டு ஒன்று இருந்தது; ஆய்வுகூடத்தில் குளோரபோம் இருந்தது. ஒன்றை மற்றதில் கரைத்தால் பாகு மாதிரி ஒரு பசை வரும். அதைப் பூசி, இரண்டு துண்டுகளையும் சேர்த்து நூலால் கட்டி வைத்தேன். பின்னேரம் பார்த்தால் கல்லாக ஒட்டியிருந்தது. கப்பலேறி வந்த தகரத்துக்கு இப்போதுதான் அர்த்தம் கிடைத்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கட்டுப்பல்லை எடுத்துக்கொண்டு அதிபர் வீட்டுக்குப் போனேன். அவர் வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தார். பொருந்தியது. ஆனால் முகம் கோணியது. "மருந்து மணக்குது. நான் மேடையிலை நித்திரையாப் போவன்" என்றார். குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது: "நீங்கள் நித்திரையானாப் பரவாயில்லை. வழமையாக் கேக்கிற சனம்தானே நித்திரை."

அந்த மணத்தைப் போக்குவது என் பொறுப்பு என்று தோன்றியது. குளோரபோம் சூட்டில் பறந்துவிடும் என்பது எந்த இரசாயன மாணவனுக்கும் தெரியும். "அக்கா, ஒரு கேத்தல் சுடுதண்ணி தாங்கோ" என்றேன். அவர் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து தந்தார். ஒரு கோப்பையில் கட்டுப்பல்லைப் போட்டு ஊற்றினேன். தொழிற்சாலையில் வருடக்கணக்காக, பிறகு வகுப்பில் தொண்டை வரள, சூட்டில் இளகுகிற இனம், சூட்டில் இளகுகிற இனம் என்று ஓதிய நான்தான் ஊற்றினேன். மணம் போய்விட்டது. எடுத்துப் பார்த்தபோது, வளைவாக இருந்த அண்ணம் வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி விரிந்து போயிருந்தது.

அதிபர் அதை வாயில் வைத்துப் பார்த்தார். அது மேலே நிற்கவில்லை, நாக்கில் வந்து விழுந்தது. எடுத்துக் கோப்பையில் வைத்தார். என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி மாஸ்டர், விடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முற்றத்தில் போய் நின்றார். அந்த ஒரு மாதப் பேச்சின் ஒரு வசனமாவது இனி அந்த வாயால் வருமா என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்ப்பது வாசல்வரைக்கும் கேட்டது. காற்றுத்தான் வந்தது.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. பணிப்பாளர் மெலிந்த மனிதர். கடற்பயணத்தில் முகம் வெளிறியிருந்தார். அதிபர் எழுந்து பேசத் தொடங்கியதும் பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "இஞ்சை வாரும் மாஸ்டர். நான் சொல்லுறதை நீர் சனத்துக்குச் சொல்லும்." பக்கத்தில் போய் நின்ற எனக்கே அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. இப்படியாக நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

தயாரித்த பேச்சை அவர் கைவிட்டுவிட்டார். சின்னச் சின்ன வசனங்களாகச் சொன்னார். "எங்கடை பிள்ளையள் நல்லாப் படிக்குதுகள்" என்றார். அது மிகவும் வெறுமையாக இருப்பதாக எனக்குப் பட்டது; "அறிவுத் தாகம் மிக்க எமது இளந்தலைமுறை" என்று அலங்கரித்தேன். "கடல் பெரிசு" என்றார். நான் அதற்கு எங்கிருந்தோ ஓர் உவமை கொண்டுவந்தேன். பிறகு அவர் மூன்றாம் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த தன் மகளை ஒருதரம் பார்த்தார்.

"என்ரை மகள் விஞ்ஞானத்துக்கு டீ, அதிவிசேட சித்தி எடுத்தவள்" என்றார். "டொக்குத்தருக்குப் படிக்கப் போறன் எண்டு அழுதவள். நான் விடேல்லை. பொம்பிளைப் பிள்ளையை அங்காலை விட எனக்குப் பயம். வகுப்பு இஞ்சை இருந்திருந்தா விட்டிருப்பன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானோ அவருடைய மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதை உரத்துச் சொல்ல என் நாக்கு வரவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, சிறு மூலக்கூறுகள் தனித்தனியே நின்றால் வாயுவாகப் பறந்து போகும், கைகோத்தால்தான் உறுதியாகும், ஆகவே தீவும் கல்வியும் கைகோக்க வேண்டும் என்ற கருத்தில் நீளமாக ஒன்றைச் சொன்னேன். கைதட்டினார்கள். அதிபர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

வகுப்பு அடுத்த தை மாதம் வந்தது. முதல் வரிசையில் நாலைந்து பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அதிபர் இளைப்பாறிய பிறகும் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவார். புதுப் பல் கட்டியிருந்தார், முந்தினதைப்போல நீளமாகப் பேசவும் செய்தார். தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்டு எல்லாம் குலைந்தது. பிள்ளைகள் வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் சிதறினார்கள், நானும் வள்ளமேறினேன். போன வருடம் நெடுந்தீவுக்குப் போனபோது கரை முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்களும் அறுந்த நைலோன் வலையும் ஒதுங்கிக் கிடந்தன. அத்தனையும் இனம் தெரிந்தவை. மணந்து பார்க்கத் தேவையே இல்லை. வகுப்பறை இருந்த இடத்தில் புதுக் கட்டடம். அதிபரும் மனைவியும் காலமாகிவிட்டார்கள். மகள் அங்கேதான் இருக்கிறாள். அவளுடைய மகள், அன்று மடியில் இருந்தவள், வவுனியாவில் ஒரு வைத்தியசாலையில் டொக்டராம். சொல்லும்போது அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அந்த வகுப்பு என் பேச்சால் வந்தது என்று நான் வெகுகாலம் பலரிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உண்மையில் விழா முடிந்து இறங்குதுறைக்கு வழியனுப்பப் போனபோதே எனக்கு அந்தப் பெருமை மறுக்கப்பட்டாயிற்று. வள்ளத்தில் ஒரு காலை வைத்தபடி பணிப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

"வகுப்புத் தாறன் எண்டு அதிபரிட்டைச் சொல்லும். என்ரை அம்மாவுக்கும் பல்லில்லை, அவர் சொன்னது எனக்கு ஒரு சொல்லுத் தவறாமல் விளங்கினது. நீர் இடையிலை நிண்டு சொன்னதுதான் மாஸ்டர், ஒண்டும் விளங்கேல்லை."