மூன்றாவது தோட்டா

என் மேசை இழுப்பறையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு மெல்லிய தாள் துண்டு இருக்கிறது. தட்டச்சில் கார்பன் வைத்து நகல் எடுப்பார்களே, அந்தத் தாள். அதில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி, அதன் நடுவே எண்ணெய்க் கறை. வீட்டில் பலமுறை குப்பையில் போடப் பார்த்தார்கள். சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், கார்ஹிங் என்ற ஊரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். எங்கள் துறையின் செயலாளர் ஐம்பது வயது அம்மையார். பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வார், ஓர் எழுத்து பிசகாது. ஞாயிறுதோறும் அவர் தம் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போவார் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த மேனிக்கே இருந்த புது ரைஃபிள் அவருடையது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ஐந்து முறை சுட்டால் ஐந்தும் ஓரிடத்தில் விழாது, சிதறும். போட்டி அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதுவரை பெண் யாரும் அந்த அணியில் இருந்ததில்லை. “துப்பாக்கியில ஒண்ணும் இல்லம்மா, உங்க கைதான் நடுங்குது” என்று சங்கத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது அம்மையார் தம் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

அளவிடும் கருவிகளில் ஆராய்ச்சி செய்பவன் என்ற தலைக்கனம் வேறு. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ரைஃபிள் மேல் குறிபார்க்க வைத்திருந்த தொலைநோக்கியைக் கழற்றி மாட்டினேன், திருகுகளை முறுக்கினேன், தோட்டாவையும் மாற்றச் சொன்னேன். முன்பைவிட மோசமாகச் சிதறியது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியதில், எதனால் என்று சொல்லவும் வழியில்லை. என் அறைத்தோழன் மதுரைக்காரன், விடுவானா? “ஏண்டா, பிஎச்டி பண்ண வந்தியா, வேட்டைக்கு வந்தியா? உன் கைடுக்குத் தெரிஞ்சா ரிட்டர்ன் டிக்கெட்தான்!”

திங்கட்கிழமை அம்மையார், சங்கத்திலிருந்து விலகும் கடிதத்தைத் தட்டச்சு செய்து, நகலோடு கைப்பையில் வைத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு கொடுத்துவிடப் போகிறாராம். ஆனாலும் பழக்க தோஷம், எந்தத் தோட்டா எங்கே விழுந்தது என்று நான் எழுதிய குறிப்புகளை வாங்கி ஒழுங்கான அட்டவணையாக அடித்தார். மறுநாள் அதோடு என் மேசைக்கு வந்தார். இன்னும் டாக்டர் ஆகாத என்னை அவர் கிண்டலாக அழைப்பது ‘ஹெர் டாக்டர்’, அதாவது ‘டாக்டர் ஐயா’ என்றுதான்.

“ஹெர் டாக்டர், நீங்க எதை மாத்தினாலும் முதல் ரெண்டும் ஒட்டித்தான் விழுது. மூணாவதுலேருந்துதான் இடது பக்கமா நகருது. கை நடுங்கினா எல்லாப் பக்கமும்தானே போகணும்?”

வெட்கமாக இருந்தது. அந்த எண்களை எழுதியவன் நான், படித்தவர் அவர். சுடச்சுடக் குழல் சூடேறி, தொடக்கூடாத எதையோ தொடுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிறன்று அவர் ஐந்து முறை சுட்டார். போல்ட்டைக் கழற்றி, குழல் காலி என்று உறுதிசெய்துகொண்டோம். குழலுக்கும் அதைத் தாங்கும் மரத்துக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க மெல்லிய தாள் வேண்டும் என்றேன். அவர் கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து, சேர்த்தே குறுக்காகக் கிழித்து, மெல்லிய துண்டை நீட்டினார். அதைக் குழலுக்கு அடியில் கொடுத்து இழுத்தோம். ஒரு சாண் போனதும் வலப்பக்கம் சிக்கி நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த வாரம் அவர் சமையலறையில், உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, மரத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் தேய்த்தோம். தாள் தடையில்லாமல் ஓடியதும், ஈரத்தில் மரம் ஊதாமலிருக்க வார்னிஷ் பூசினோம். வேறு எதையும் தொட அவர் என்னை விடவில்லை.

அடுத்த ஞாயிறு குறி அட்டையில் ஐந்து துளைகளும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் அடங்கின. தலைவர் அட்டையை நெடுநேரம் பார்த்தார். “என்னத்தை மாத்தினீங்க?”

“மரத்தை. கை அதே கைதான்” என்றார் அம்மையார். தலைவர் அவர் பெயரை அணிப் பலகையில் எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு திரும்பும் வழியில், கோட்டுப் பையில் கிடந்த துண்டை எடுத்து அதிலிருந்த வரியைப் படித்தேன். ‘இன்று முதல் சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்.’

இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். எழுத்து மங்கிவிட்டது, கறை அப்படியே இருக்கிறது. தாள் சிக்குமா ஓடுமா என்று தெரிவதற்கு முன்பே அவர் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டிருந்தார்.