பெரியவர் நின்ற இடம்

அரசு, தேனு, இதைப் படித்துவிட்டு, அப்பா கதை விடுகிறார் என்று நீங்கள் சிரிக்கலாம். பேய், மாயம் என்று யார் சொன்னாலும் முதலில் சிரிக்கிறவன் நான்தான். ஆனால் இது நடந்தது.

பாலக்கோடு பக்கத்து நம் லேஅவுட்டுக்கு யானை வருவது உங்களுக்கே தெரியும். யானை என்று யாரும் சொல்ல மாட்டோம், பெரியவர் என்போம். அவர் வந்தால் எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் இருந்துவிடுவோம். அவரும் யாரையும் தொந்தரவு செய்யாமல் போய்விடுவார்.

தேனுவுக்கு அப்போது மூன்று வயது. மழை விட்ட ஒரு சாயங்காலம், தக்காளி மண்டியிலிருந்து வந்து இறங்குகிறேன், தெருவில் ஒரு விளக்கு இல்லை. உங்கள் அம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

"ஏங்க, பெரியவரு வந்துட்டாருங்க. தேனு உள்ள இல்ல. சத்தம் போட்டுக் கூப்பிடவும் பயமா இருக்குது."

எதிர் மனையில் செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழி, மழைத் தண்ணீர் நிரம்பித் தரையோடு தரையாகக் கிடந்தது. அதன் விளிம்பில் அவர் நின்றார். தந்தமில்லாத ஆண், மக்னா என்பார்கள். காலடியில் மஞ்சள் கவுனோடு தேனு.

பக்கத்து வீட்டு மாதம்மா அக்கா மட்டும் மொட்டை மாடியிலிருந்து மெதுவாகச் சொன்னார். "சாமி, கொழந்தைங்க சாமி. வூட்டுக்கு அனுப்பி வுடுங்க."

நம்பினால் நம்புங்கள், தேனு குழிப்பக்கம் அடி வைத்தாள், அவர் தும்பிக்கையை அவள் வயிற்றில் வைத்துப் பின்னால் தள்ளினார், அவள் விளையாட்டென்று சிரித்துக்கொண்டு மறுபடி போனாள், மறுபடி தள்ளினார். பெற்ற எங்களுக்குக்கூட அத்தனை பொறுமை கிடையாது. அவள் நம் வாசல் பக்கம் திரும்பிய பிறகுதான் வாழைத் தோட்டத்துக்குள் நடந்தார். ஓர் இலை அசையவில்லை.

பிறகு வனக்காவலர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சேற்றில் தேனுவின் குட்டிக் கால்தடம் மட்டும்தான் இருந்தது.

"அந்த மக்னா ஒகேனக்கல் பக்கம் நிக்கறாருங்க. காலையிலேர்ந்து நம்ம ஆளுங்க கூடவே இருக்காங்க."

"அப்ப நாங்க பாத்தது உங்க மாமனாரையா?" என்று சீறினார் மாதம்மா அக்கா.

தேனுவின் கவுனில், வயிற்றுப் பக்கம், வட்டமாக ஒரு சேற்றுக் கறை. கன்னங்கரிய சேறு. நம் லேஅவுட் முழுக்கச் செம்மண்.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய்க் குழியைப் பலகை போட்டு மூடினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். என் கால் கணுக்கால்வரை புதைந்தது.