சின்னான் பாஸ் செய்த மாம்பழம்

மாம்பழ வியாபாரிக்குக் கண் மங்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம், மூக்கு மங்கினால் கடையை மூட வேண்டியதுதான். அல்போன்சா, அதாவது இந்த ஊர் ஹாபூஸ், என்று நம்பிப் பெட்டி வாங்கி, வீட்டில் திட்டும் சேர்த்து வாங்கிய சகோதரர்களே, கேளுங்கள். இரண்டு வருஷம் முன்பு ஒரு காய்ச்சலோடு என் மூக்கில் வாசனை அடியோடு போய்விட்டது. மும்பை மாட்டுங்காவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் என்னிடம் யார் பெட்டி வாங்குவார்கள்?

அடிபட்ட பறவை

இந்த சீசனில்தான் கடைக்கு எதிர் மரத்திலிருந்து அது வந்தது. கறுப்புத் தலை, சின்னக் கொண்டை, வாலுக்கு அடியில் ரத்தச் சிவப்பு. பூனை கடித்துவிட்டது என்று பதறி, மஞ்சளைக் குழைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்து டீக்கடை செல்வத்துக்குச் சிரித்துச் சிரித்துப் பால் பொங்கிவிட்டது. அது சின்னானாம், இங்கே புல்புல் என்பார்களாம்.

"அண்ணாச்சி, அதுக்கு அடியும் படல, ஒண்ணும் படல. அது போட்டிருக்க டவுசரே அந்தக் கலருதான்."

இரண்டாவது கொத்து

மருந்து வைத்துப் பழுக்கவைத்த பழத்தில் நிறம் இருக்கும், வாசனை இருக்காது. எனக்கோ எல்லாப் பெட்டியும் ஒன்றுதான். ஒரு நாள் சின்னான் ஒரு பழத்தை ஒரே ஒரு கொத்து கொத்தி, அலகைப் பலகையில் இப்படியும் அப்படியும் துடைத்துவிட்டுப் பறந்தது. அந்தப் பெட்டியில் இன்னொன்றை அறுத்தால், புளி. அடுத்த பெட்டியில் கொத்தியது, மறுபடி கொத்தியது, ஜோடியையும் கூப்பிட்டது. அது தேன்.

அதிலிருந்து பெட்டிக்கு ஒரு பழம் அதன் பங்கு. இரண்டாவது கொத்து விழுந்தால் விற்பனை, அலகைத் துடைத்தால் பெட்டி திரும்பிப் போகும். சரக்கு இறக்கும் டெம்போக்காரன் மரத்தைப் பார்த்து சலாம் வைத்த பிறகுதான் கயிற்றையே அவிழ்ப்பான்.

"பாஸ் பண்ணினது நீங்களா அண்ணாச்சி, மேல இருக்க சேட்டா?"

சேட் லீவு

மே மாதம் திடீரென்று சேட் மாம்பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அலகு நிறையப் புழுவும் பூச்சியுமாக மரத்துக்குப் பறந்தபடி இருந்தது. கூட்டில் குஞ்சுகள். தான் பழம் தின்றாலும் பிள்ளைகளுக்குப் பூச்சிதான் ஊட்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதே வாரம் அம்புஜம் மாமி, இருபது வருஷ வாடிக்கை, மருமகள் சீமந்தத்துக்கு இரண்டு பெட்டி கேட்டார். நானே மோந்து பார்ப்பதுபோல் நடித்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் இரண்டும் கடைக்குத் திரும்பி வந்தன, பின்னாலேயே மாமி. வந்தவர்கள் ஒரு துண்டுக்கு மேல் தொடவில்லையாம். வெயில், டெம்போ என்று நான் கதை கட்ட ஆரம்பித்தேன். மாமி கையமர்த்தினார்.

"போன வருஷம் அழுகின பெட்டி பக்கத்துல உக்காந்து சொகமா டீ குடிச்சேளே, அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி. குஞ்சு பறக்கறவரைக்கும் தெனம் காலம்பற நான் வந்து மோந்து தரேன், போங்கோ."

போன ஒரு மூக்குக்குப் பதிலாக எனக்கு ஓர் அலகும் ஒரு மாமியும் கிடைத்தார்கள். பெட்டிக்கு ஒரு பழம் சம்பளம் என்றதும் அலகு உடனே ஒப்புக்கொண்டது, மாமிதான் இரண்டு கேட்கிறார்.