ஆண்டவர் காட்டின கெமிஸ்ட்ரி காலேஜ்

சபையார் எல்லாருக்கும் தோத்திரம். ஞாயித்துக்கிழமை எழும்பி நின்னு சொல்ல வேண்டிய சாட்சி இது. முட்டி வலியால நிக்க முடியலை, அதனால எழுதறேன். நான் எழுத்துக்கூட்டி எழுதறவ. பிழையை என் தம்பி மக பெனிட்டா திருத்தினா. வார்த்தை என்னோடது, அதுல அவளைக் கை வைக்க விடலை.

போன வருஷம் ஜூன் மாசம் எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசலை. பெனிட்டா பன்னெண்டாவது முடிச்சிருந்தா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான், வேற எதுவும் வேணாம்னு உக்காந்துட்டா. அவ அப்பா, என் தம்பி, அவ சின்னப் புள்ளையா இருக்கும்போதே கர்த்தருக்குள்ள போயிட்டான். அவ அம்மா எஸ்தர் அம்பத்தூர் எஸ்டேட்ல துணி கம்பெனிக்குப் போறா. நானும் அதே எஸ்டேட்ல கேன்டீன்ல சமைச்சு ஓய்வு வாங்கினவதான். ஒரு நாளும் ஒருத்தர் வாசல்ல போய் நின்னதில்லை. அந்த ஜூன் மாசம் நின்னேன்.

முதல்ல கவர்மென்ட் காலேஜுக்குப் போனோம். எங்க முறை வர்றதுக்குள்ள கெமிஸ்ட்ரி முடிஞ்சுபோச்சு. ஹிஸ்டரி இருக்கு, எடுத்துக்கறீங்களான்னு கேட்டாங்க. மிளகாத்தூள் கேட்டவளுக்கு சீயக்காத்தூளைக் கட்டிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. பெனிட்டா பஸ் வர்ற வரைக்கும் அழுதா.

அப்புறம் ஹைவே ஓரத்துல ஒரு பெரிய காலேஜ். பேர் வேணாம். கண்ணாடிக் கட்டடம், வாசல்ல தண்ணி பீச்சி அடிக்குது. ஆபீஸ்ல இருந்த தம்பி பெனிட்டாகிட்ட இங்கிலீஷ்லயே பேசினார். நான் ஒருத்தி அங்க உக்காந்திருக்கறதே அவருக்குத் தெரியலை. படிப்புக்குத் தனி, பஸ்ஸுக்குத் தனி, யூனிஃபார்முக்குத் தனி, லேபுக்குத் தனின்னு ஃபீஸ் ஏறிக்கினே போச்சு.

"லேபுக்குத் தனியா வாங்கறீங்களே தம்பி, அந்த லேபைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னேன்.

"சாவி வெச்சிருக்கறவர் லீவும்மா."

"ஜன்னல் வழியா பாத்துக்கறேன்."

"அதெல்லாம் கூடாதும்மா. ஏ.சி. ஹால் வேணா பாருங்க."

கத்திரிக்காய் வாங்கினாக்கூட திருப்பிப் பாத்துதான் கூடையில போடுவேன். மூணு வருஷப் படிப்பைப் பாக்காம வாங்கணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் தவணை கட்டலைன்னா சீட் போயிடும்னும் சொல்லி அனுப்பினார்.

அதைக் கட்ட எங்ககிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. செம்பரம்பாக்கத்தாண்ட என் தம்பி வாங்கிப் போட்ட மனை. வாங்கறதுக்கு ஆள் தயாரா இருந்தாரு. எஸ்தரும் தயாராத்தான் இருந்தா.

"பெரிய காலேஜ்னா கம்பெனிக்காரனே வந்து வேலைக்குக் கூட்டிகினு போவான் அண்ணி. மனை போனா போகட்டும்."

"போனா திரும்பாது எஸ்தரு."

"எம் பொண்ணு வருஷம் மட்டும் திரும்பி வருமா?"

புதன்கிழமை உபவாச ஜெபத்துல விண்ணப்பம் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜெபம் முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு சொன்னீங்க. ஒரு சிஸ்டர் அந்த ஹைவே காலேஜே போதும்னாங்க. ஒரு பிரதர் கெமிஸ்ட்ரி எதுக்கு, கம்ப்யூட்டர்ல சேருங்கன்னார். வருத்தப்படாதீங்க, எனக்கு எல்லார் மேலயும் எரிச்சலா வந்துச்சு. ஒரு ஓரமாப் போய் முழங்கால் போட்டேன். கெஞ்சலை. கோவமாவே கேட்டேன். "ஆண்டவரே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. காலேஜ் தர்ற புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. எது சரக்கு, எது மேல்பூச்சுன்னு என் கண்ணுக்குத் தெரியற மாதிரி காட்டுங்க. வெள்ளிக்கிழமைக்கு முன்ன காட்டுங்க."

அன்னைக்குச் சாயங்காலம் பூந்தமல்லியில பஸ் ஏறினேன். பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு கொய்யாப்பழம் தின்னுகினு வந்தா. அவ விரல் நுனியெல்லாம் கருப்பு.

"இன்னா பாப்பா, அஞ்சு விரல்லயும் மை. அஞ்சு ஓட்டு போட்டியா?"

அவ சிரிச்சா. "இல்ல ஆயா, லேப்ல சில்வர் நைட்ரேட் பட்டுடுச்சு. எலக்‌ஷன் மையும் இதே சரக்குதான். தோல் உரிஞ்சாதான் போவும்."

"கெமிஸ்ட்ரியா படிக்கிற?"

"ஆமா ஆயா, ரெண்டாவது வருஷம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. விசாரிச்சேன். அவ படிக்கறது எய்டட் காலேஜ், வாத்தியாருங்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கற பழைய காலேஜ். ஃபேன் பாதி ஓடாதாம். ஆனா வாரத்துல ரெண்டு மத்தியானம் லேபுதானாம். அவளுக்கு முன்னாடி படிச்ச பொண்ணுங்க மருந்து கம்பெனியில டெஸ்ட் பண்ற வேலையில இருக்காங்களாம். "போன உடனே கையில வேலையைக் கொடுத்துப் பாப்பாங்களாம் ஆயா. செய்யத் தெரிஞ்சாதான் எடுப்பாங்க"ன்னா. ஃபீஸ் கேட்டேன். ஹைவே காலேஜ்ல ஒரு வருஷத்துக்குக் கேட்டதுல இங்க மூணு வருஷம் முடிச்சு, மேல்படிப்புக்கும் மிச்சம் பிடிக்கலாம்.

மறுநாள் காலையிலேயே பெனிட்டாவைக் கூட்டிகினு அந்தப் பழைய காலேஜுக்குப் போனேன். சீட் நிரம்பிடுச்சு, காத்திருப்பு வரிசையில பேர் எழுதிக்கறோம்னாங்க. எழுதிட்டு நேரா ஹைவே காலேஜ் கேட்டுக்குப் போய் நின்னேன். வெளிய வந்த பசங்கள்ல யார் கெமிஸ்ட்ரின்னு கேட்டு ஒருத்தனை நிறுத்தினேன்.

"தம்பி, கையைக் காட்டு."

"இன்னா ஆயா, ஜோசியமா?"

"நான் அல்லேலூயா கோஷ்டி, ஜோசியம் பாக்கறதில்லை. காட்டு."

காட்டினான். கல்யாண மாப்பிள்ளை கை மாதிரி சுத்தமா இருந்துச்சு. கூட இருந்தவனுக்கும் அப்படியேதான். லேபுக்குப் போறதில்லையான்னு கேட்டேன்.

"பரிட்சை வந்தா தொறப்பாங்க ஆயா. மத்த நாள்ல நோட்டுல எழுதறதோட சரி." பெனிட்டாவைப் பாத்தான். "சேர்றதுக்கு முன்ன யோசிச்சுக்கோ. நான் சொன்னேன்னு சொல்லாத."

வெள்ளிக்கிழமை பணம் கட்டலை. மனையை விக்கலைன்னு அந்த ஆளுக்கும் சொல்லிட்டேன்.

எஸ்தர் கத்தலை, கத்தியிருந்தாத் தேவலை. "பஸ்ல பாத்த பொண்ணு கையை நம்பி எம் பொண்ணை நடுத்தெருவுல விட்டுட்டீங்களே அண்ணி"ன்னு மட்டும் சொன்னா. தட்டை எடுத்துகினு உள்ள போய் சாப்பிட்டா. அவ கேட்டதுலயும் நியாயம் இருக்கு. இந்தக் காலேஜும் இல்லை, அந்தக் காலேஜும் இல்லை. ஞாயித்துக்கிழமை ஆராதனையில எனக்குப் பாட்டு வரலை. காட்டினீங்க, சரி. காட்டிட்டு கதவை ஏன் சாத்தறீங்கன்னு உள்ளுக்குள்ள சண்டை போட்டுகினே உக்காந்திருந்தேன். பெனிட்டாதான் என் கையைப் பிடிச்சுக்கினு, "நானும் பாத்தேன் அத்தை. எனக்கும் அந்தக் காலேஜ்தான் வேணும்"னா.

செவ்வாய்க்கிழமை குழாயடியில இருந்தேன். அந்தப் பழைய காலேஜ்ல இருந்து கூப்பிட்டாங்கன்னு எஸ்தர் போனைத் தூக்கிகினு ஓடி வந்தா. யாரோ ஒரு பொண்ணு இன்ஜினியரிங் கிடைச்சுப் போயிட்டாளாம். கெமிஸ்ட்ரியில இடம் காலியாம், நாளைக்கே வரணுமாம். எஸ்தர் குடத்தை என் கையிலிருந்து வாங்கி அவளே தூக்கிகினு நடந்தா. அதுதான் அவ மன்னிப்பு. நானும் வேற கேக்கலை.

தற்செயல்னு சொல்றவங்க சொல்லட்டும். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு என் ஆண்டவருக்குத் தெரியும். அதனால பாக்கற மாதிரி காட்டினார். முன்னெல்லாம் என் கையால முடியாதது எதுவும் இல்லைன்னு நடப்பேன். இப்ப காலையில முதல்ல கேட்டுட்டுத்தான் நடக்கறேன். புள்ளைங்களுக்குக் காலேஜ் தேடறவங்களே, நீங்களும் கேளுங்க. கோவமா இருந்தா கோவமாவே கேளுங்க, அவர் தாங்கிக்குவார். கேட்டுட்டு வீட்டுல உக்காராதீங்க, போய்ப் பாருங்க.

முதல் தடவை லேப் போய் வந்த அன்னைக்கு பெனிட்டா விரலெல்லாம் பழுப்பு. பெர்மாங்கனேட்டாம். எலுமிச்சம்பழத்தை வெச்சுத் தேச்சுகினு, "சர்ச்சுக்கு எப்படி அத்தை இந்தக் கையோட வர்றது"ன்னா.

பழத்தை வாங்கி வெச்சுட்டேன். "தேய்க்காத. அப்படியே வா. முன் வரிசையில உக்காந்து அந்தக் கையைத் தூக்கி ஜெபம் பண்ணு"ன்னேன்.