வாழைப்பழத்தின் இதயத்துடிப்பு

கிரிவலத்தின் பாதியிலேயே என் உயிர் போய்விடும் என்று நம்பினேன். புதிதாக வாங்கிய வாட்ச், இதயம் நூற்றெண்பது துடிப்பதாகக் காட்டியது. அடி அண்ணாமலையில் ஓரமாக உட்கார்ந்து, மனைவிக்குச் சொல்லவேண்டிய கடைசி வார்த்தைகளை யோசித்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மா. நெற்றி நிறையக் குங்குமம், மடியில் வாழைப்பழச் சீப்பு. யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு பழத்தைப் பிட்டுப் பாதியை நீட்டினார். என்னிடமும் நீட்டியபோது, விஷயத்தைச் சொன்னேன்.

“அத்த கழட்டிக் குடுங்கண்ணா” என்று வாங்கி, இன்னொரு பழத்தில் இறுக்கிக் கட்டினார். பழத்துக்குத் தொண்ணூறு காட்டியது.

“இதையும் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாமா?”

“வாட்ச் விலை ரொம்ப ஜாஸ்திம்மா” என்றேன் பரிதாபமாக.

“அப்ப பயமும் ஜாஸ்தியாதான் குடுக்கும்.”

அந்தப் பழத்தையும் பிட்டுப் பாதி கொடுத்தார். தின்றேன். வாட்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதிக் கிரிவலத்தையும் நடந்து முடித்தேன்.