மேனேஜர் மாமா

தேயிலை மலையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். யார் குரலும் அவள் தொண்டையில் வரும். ஒருநாள் வேலை வாங்கும் மேஸ்திரியின் குரலில், "போதும், கூடையை இறக்குங்க" என்றாள். பெண்கள் இறக்கினார்கள். மேஸ்திரியும் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ரேடியோவையும் சேர்த்து எல்லோரையும் உட்காரவைத்து ஒருநாள் மேனேஜர் கூட்டம் போட்டுப் பேசினார்.

"இது கம்பெனி இல்லம்மா, குடும்பம். நான் உங்க கூடப்பொறந்த அண்ணன். குடும்பம்னா பொறுத்துத்தான் போகணும். நாளையிலேருந்து பிள்ளைக் கொட்டகை கிடையாது. உரமூட்டை நனையுது, அங்க அடுக்கப்போறோம்."

பிள்ளை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம் போலும். ரேடியோவின் மகள் இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை அந்தக் கொட்டகையில்தான் இருப்பாள்; வீட்டில் விட ஆளில்லை. கொழுந்து பறிக்கும் சரிவில் இறக்கிவிட்டால் உருண்டுவிடுவாள். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

குழாயடிச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த ஓரகத்திகூட இறங்கிவந்தாள். அவள் இடுப்பிலும் ஒன்று இருந்தது.

"என்னடி பண்ணப்போற?"

"அண்ணன் வீடு எதுக்குக்கா இருக்கு?"

மறுநாள் காலையில் மேனேஜர் பங்களா வாசலில் ஏழு பெண்கள், ஒன்பது பிள்ளைகள். ரேடியோவின் குரல் தேனாக வந்தது.

"அண்ணே, உங்க மருமகளை விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து தூக்கிக்கிறேன்."

"யாரும்மா மருமக?"

"நேத்து நீங்கதானே அண்ணன்னீங்க? அப்ப இதுக்கு நீங்க தாய்மாமன். நானா உறவு கொண்டாடினேன்?"

"உங்களை வேலையை விட்டே தூக்கிடுவேன்."

"தூக்குங்க. முதல்ல இவளைத் தூக்குங்க, அழறா பாருங்க." பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் வந்து நின்ற அவர் மனைவியிடம் சொன்னாள்: "அண்ணி, தூங்கும்போது விரல் சூப்புவா. பிடுங்கிடாதீங்க, ஊரைக் கூட்டிடுவா."

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். "உங்க தங்கச்சிங்க, உங்க பாடு" என்று உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் மேஸ்திரி மூச்சிரைக்க மலையேறி வந்தார். "கொட்டகையைக் காலி பண்ணியாச்சு. பிள்ளைங்களை வந்து கூட்டிட்டுப் போங்கம்மா. ஐயா சட்டை மாத்திட்டிருக்காரு, ரெண்டாவது தடவையா."

"உரமூட்டை?"

"ஐயாவோட கார் ஷெட்ல."

"பாவம், கார் நனையுமே" என்றாள் ஓரகத்தி.

அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் மேனேஜர் வாயில் குடும்பம் வரவில்லை; 'தொழிலாளர்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் கொட்டகை வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து "மாமா, மாமா" என்று கூச்சல் கிளம்பும். அவர் நடையை எட்டிப்போடுவார்.

"குடும்பம்னா பொறுத்துத்தான் போகணும்" என்று சரிவிலிருந்து அவர் குரலே அவரைத் துரத்தும். திரும்பிப் பார்த்தால், அத்தனை பெண்களும் குனிந்த தலை நிமிராமல் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள்.